சீக்குவல் என்றால் ‘இரண்டாம் பாகம்’ அல்ல

“முதல் பாகம் பார்க்காம ரெண்டாம் பாகத்தை எப்படி மாமா பார்க்கிறது?” என்று கேட்டான் அக்கா மகன். ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்க விண்வெளிக் கதைப் பட வரிசையில் 1982-இல் வந்த ‘தி ராத் ஆஃப் கான்’ படத்தைப் பார் என்று அவனிடம் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. இடையில் அவன் தமிழில் ஒரு வீடியோ விமர்சனம் கேட்டிருக்கிறான். மூச்சுக்கு மூச்சு ‘இரண்டாம் பாகம்’ என்றிருக்கிறார்கள். இவனும் பொறுப்பாக 1979-இல் வந்த முதல் படத்தைப் போட்டான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். பாதியில் தூங்கிவிட்டான். கான் படம் அப்படியே கிடப்பில் போனது. ஒரு தவறான சொல் ஒரு நல்ல படத்தை ஒரு பையனிடமிருந்து பறித்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முன்பு வந்த கதையை ஒட்டிப் பின்னால் வரும் படத்தை ஆங்கிலத்தில் சீக்குவல் என்பார்கள். அந்தச் சொல்லுக்கு வேர், லத்தீனில் பின்தொடர்வதைக் குறிக்கும் வினை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பின்னால் வருவது என்பதுதான் பொருள். கூறு, பங்கு, பிரிவு என்ற பொருள் அதில் எங்குமே இல்லை.

பாகம் என்பதோ பங்கு. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும்போது சொத்து முழுதாக இருக்கிறது, பிறகுதான் பிரிக்கிறார்கள். முழுமை ஒன்று இருந்தால்தான் பாகம் உண்டு. கல்கி ‘பொன்னியின் செல்வ’னை ஐந்து பாகங்களாக எழுதினார், சரி. அதைப் படமாக்கி 2022-லும் 2023-லும் இரண்டு பாகங்களாக வெளியிட்டார்கள், அதுவும் சரி. கதை ஒன்று, வெட்டு இரண்டு. பாகம் வடசொல் என்பதால் எனக்கு வருத்தமில்லை. ‘இரண்டாம் பகுதி’ என்று தமிழ் வேரில் சொன்னாலும் ‘பகு’ என்பது பிளப்பதுதான். பிழை சொல்லின் பிறப்பில் இல்லை, பொருளில் இருக்கிறது.

கான் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1979 படத்தின் கதைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தப் படத்துக்கு நான்கு கோடி டாலருக்கு மேல் செலவாகியிருந்தது. அடுத்ததைச் சிக்கனமாக எடுக்கத் தயாரிப்பாளர் ஹார்வ் பென்னட்டைக் கொண்டுவந்தார்கள். அவர் பழைய தொலைக்காட்சித் தொடரின் 79 அத்தியாயங்களையும் உட்கார்ந்து பார்த்தார். 1967 பிப்ரவரியில் ஒளிபரப்பான ‘ஸ்பேஸ் சீட்’, அதாவது ‘விண்வெளி விதை’, அவர் கண்ணில் பட்டது. மரபணு முறையில் மேம்படுத்தப்பட்ட கானையும் அவன் கூட்டத்தையும் விண்கலத்தின் தலைவர் கேப்டன் கிர்க் ஆளில்லாத ஒரு கோளில் இறக்கிவிட்டுப் போகும் கதை. நூறு ஆண்டு கழித்து வந்து, இன்று ஊன்றிய விதையிலிருந்து என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்தால் சுவையாக இருக்கும் என்கிறார் கடைசிக் காட்சியில் கிர்க்கின் துணை அதிகாரி ஸ்பாக். படத்தில் பதினைந்தே ஆண்டில் அது முளைத்து வந்து நிற்கிறது. அப்படியானால் இந்தப் படம் எதற்கு ‘இரண்டாம் பாகம்’? தலைப்பில் உள்ள ‘II’ என்ற ரோமன் எண்ணைப் பார்த்துச் சொல்கிறார்கள், கதையைப் பார்த்து அல்ல.

‘தொடர்ச்சி’ என்கிறார்கள் சிலர். பாகத்தைவிட மேல். ஆனால் அந்தச் சொல்லில் அறாமை இருக்கிறது. நாளிதழில் ‘4-ஆம் பக்கத் தொடர்ச்சி’ என்றால் வாக்கியம் பாதியில் நிற்கிறது, அங்கே போய்ப் பிடிக்க வேண்டும். ‘பின்கதை’ என்பது முன்கதைக்கு இணையாக அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நிகழ்ச்சிகளின் வரிசையை மட்டும் சொல்கிறது. பின்னால் வந்த படைப்பாளி முன்னதை வைத்து என்ன செய்தான் என்பதைச் சொல்வதில்லை.

அதைச் சொல்லும் சொல் நம்மிடம் பல நூறு ஆண்டுகளாக இருக்கிறது. நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாக வகுக்கிறது. வழிநூலுக்குப் பவணந்தி முனிவர் தரும் இலக்கணம் இது:

“முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்.”

முன்னவர் முடிவோடு ஒத்துப்போக வேண்டும், பின்னவர் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் சேர்க்க வேண்டும், மரபு அழியக் கூடாது. ஒரு சீக்குவலை எடைபோட இதைவிட நல்ல அளவுகோலை நான் எங்கும் படித்ததில்லை. ஆகவே வழிப்படம் என்கிறேன். ‘வழி என்றால் பாதை, மக்களுக்குக் குழப்பம் வரும்’ என்று ஒரு நண்பர் மறுத்தார். குழப்பம் வராது. எந்தச் சங்கக் கூட்டத்திலும் ஒருவர் முன்மொழிகிறார், இன்னொருவர் வழிமொழிகிறார். வழித்தோன்றல் என்கிறோம், வழிவழியாக என்கிறோம். எல்லாவற்றிலும் வழி என்பது பின்வருவதுதான்.

இயக்குநர் நிக்கோலஸ் மேயர் சேர்த்த விகற்பத்தைப் பாருங்கள். விண்கலத்தைக் கடற்படைக் கப்பலாக்கினார். மாலுமிகளுக்குச் சிவப்புச் சீருடை கொடுத்தார். கருவிகள் குருடாகும் நெபுலா என்ற விண்மேகத்துக்குள் இரண்டு கலங்களும் நீர்மூழ்கிகளைப் போல ஒன்றையொன்று தேடித் துழாவுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கிர்க்குக்கு வயதாக விட்டார். எதிரிக் கலத்தின் கவசத்தை இறக்க ஐந்து இலக்க எண் ஒன்று திரையில் வருகிறது, கப்பலே போகப்போகிறது. அப்போது கிர்க் சட்டைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டுகிறார், அந்த எண்ணைப் படிக்க! தொலைக்காட்சியில் இளைஞராகப் பார்த்த அதே கிர்க். முன்னது தெரிந்தவருக்கு அந்தக் கண்ணாடி நெஞ்சில் தைக்கும். தெரியாதவருக்கும் படம் நிற்கும். வழிநூல் அப்படித்தான் நிற்க வேண்டும். மணிமேகலை சிலப்பதிகாரத்தின் வழியில் வந்தது. இரட்டைக் காப்பியம் என்றார்கள், ‘சிலப்பதிகாரம் இரண்டாம் பாகம்’ என்று யாரும் சொல்லவில்லை.

இன்று தமிழில் படம் பேசுபவர்கள் பின்னால் வருவது, கிளைப்பது, மறுபடி தொடங்குவது எல்லாவற்றையும் ‘பார்ட் டூ’ என்ற ஒரே மூட்டையில் கட்டுகிறார்கள். துணைப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வேறு திசையில் போகும் படத்துக்கும் அதே பெயர். நன்னூலின் மூன்றாவது வகை அதற்காகவே காத்திருக்கிறது, சார்புப்படம் என்று சொல்லலாம். 2009-இல் புதிய நடிகர்களோடு வந்த ‘ஸ்டார் ட்ரெக்’கை ஒரு வசனப் பெயர்ப்பாளர் ‘பதினோராம் பாகம்’ என்று எழுதியதைப் பார்த்தேன். மொழிபெயர்ப்பவர் எண்ணுவதற்கு முன் படத்தைப் பார்க்க வேண்டாமா?

இந்த வரிசையில் பாகம் என்ற சொல் பொருந்தும் இடமும் உண்டு. 1984-இல் வந்த மூன்றாம் படம், கான் படம் விட்ட இடத்தில், ஸ்பாக் இறந்த துயரத்தோடு அப்படியே தொடங்குகிறது. 1986-இன் நான்காம் படம் அதைத் தொடர்கிறது. அவற்றைப் பாகங்கள் என்று சொல்லட்டும், நான் மறுக்கமாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனை உட்காரவைத்து, 1967 அத்தியாயத்தை முதலில் போட்டேன், உடனே கான் படம். தொடக்கத்தில் கிர்க்கின் பழைய கப்பல் அதிகாரி செக்காவைக் கான் பார்த்ததும் ‘உன் முகத்தை நான் மறப்பதில்லை’ என்ற பொருள்படப் பேசுகிறான். பையன் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டான். “செக்காவ் அந்த எபிசோடுல இல்லவே இல்லையே மாமா?” என்றான். இல்லைதான். அந்த நடிகர் தொடரில் சேர்ந்ததே அடுத்த பருவத்தில். ‘முடிபு ஒருங்கு ஒத்து’ என்று பவணந்தி சொன்னது பிசகிய இடம் அது. சொன்னேன். “சரி, போடுங்க” என்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.