ஒரு 'அலோ'வும் பதினொரு எக்ஸ்டென்ஷனும்

போன மாதம் திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மதுரை சிம்மக்கல்லில் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு வந்தார். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல் என்று வருகிறவர்களுக்கு ஆன்லைனில் மனுப் பதிந்து கொடுப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. "தம்பி, வலது பக்கம் கீழ வைரஸ் இருக்கு, வைரஸ் இருக்குன்னு வந்துக்கிட்டே இருக்கு. ஃபார்மட் அடிச்சு விட்டுரு" என்றார்.

ஃபார்மட் அடிக்க வேலையே இல்லை. வந்துகொண்டிருந்தது வைரஸ் எச்சரிக்கை மாதிரி வேஷம் கட்டிய வெப்சைட் நோட்டிஃபிகேஷன். அந்தப் பெட்டியைக் கூர்ந்து பாருங்கள், அனுப்பிய சைட்டின் முகவரி பொடி எழுத்தில் இருக்கும். ஏதோ ஒரு படம் டவுன்லோடு செய்யும் பக்கத்தில் 'நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ (Allow, அதாவது அனுமதி) அழுத்துங்கள்' என்று வந்திருக்கும், அவரும் அழுத்தியிருப்பார். அந்த ஒரு அழுத்தலில் அந்த சைட்டுக்கு அறிவிப்பு அனுப்பும் அனுமதி கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு அந்தப் பக்கத்தை மூடிவிட்டாலும் செய்தி வரும். குரோமில் 2015 முதல் இந்த வசதி இருக்கிறது.

விளம்பரம் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்) போட்டால் இது நின்றுவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். நிற்காது. ஏற்கெனவே அனுமதி வாங்கிய சைட் அனுப்பும் செய்தி, பக்கம் வழியாக வருவதில்லை; பிரவுசரின் சொந்தச் செய்தி வழியில் வருகிறது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற சைட்டுகளின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டு, இனி எந்த சைட்டும் கேட்கவே கூடாது என்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இதற்கு எக்ஸ்டென்ஷன் எதுவும் வேண்டாம். ஜிமெயிலுக்கு மட்டும் அறிவிப்பு வேண்டுமென்றால் ஜிமெயில் செட்டிங்ஸிலேயே அந்த வசதி இருக்கிறது. அதற்கென்று வேறொரு எக்ஸ்டென்ஷனுக்கு உங்கள் மெயில்பெட்டியைத் திறந்துவிடாதீர்கள்.

அப்புறம்தான் நான் பயந்த விஷயம். அவருடைய குரோமில் பதினொரு எக்ஸ்டென்ஷன்கள் இருந்தன. கூப்பன் தேடித் தருவது, பிடிஎஃப் மாற்றுவது, இந்த நோட்டிஃபிகேஷன் தொல்லைக்காகவே அவர் போட்ட ஒரு 'பிளாக்கர்'. அந்த பிளாக்கரின் விவரப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். எல்லா வெப்சைட்டிலும் உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும் முடியும் என்று அனுமதி வாங்கியிருந்தது.

"அண்ணே, காலையில ஒரு பாட்டிக்கு முதியோர் பென்ஷன் மனு போட்டேன்னு சொன்னீங்களே, ஆதார் நம்பர் எங்க டைப் பண்ணீங்க?" என்று கேட்டேன். "இதுலதான்" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த எக்ஸ்டென்ஷன் எதையும் எடுத்தது என்று நான் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் சான்று இல்லை. ஆனால் எடுக்க நினைத்தால் பாட்டியின் ஆதார் நம்பர், போன் நம்பர், வங்கிக் கணக்கு எல்லாம் அதன் கண் முன்னால்தான் டைப் ஆகின்றன. பாட்டியிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

நல்ல எக்ஸ்டென்ஷனும் கெட்டுப்போகும். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒன்று, சும்மா இருக்கும் டேப்களை உறங்க வைக்கும். லட்சக்கணக்கானோர் நம்பிப் பயன்படுத்தியது. 2020ல் கைமாறியது, 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கானது என்று நீக்கிவிட்டது. பயன்படுத்தியவர்கள் புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்யவில்லை. தானாக வந்த அப்டேட்டே போதுமாக இருந்தது.

சரி, எதைத்தான் போடுவது? நான் போட்டுக் கொடுப்பது யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன். இதுவும் எல்லாப் பக்கத்தையும் பார்க்கும் அனுமதியைத்தான் கேட்கும். பக்கத்துக்குள் இருக்கும் விளம்பரங்களைத் தேடித் தடுக்க அதற்கு அது வேண்டும். ஆனால் இதன் நிரல் (சோர்ஸ் கோட்) யாரும் பார்க்கும்படி வெளிப்படையாக இருக்கிறது, எழுதிய ரேமண்ட் ஹில் நன்கொடைகூட வாங்குவதில்லை. விளம்பரத்தோடு, நாம் எந்தெந்தப் பக்கம் போகிறோம் என்று பின்தொடரும் டிராக்கர்களையும் தடுக்கிறது. குரோம் தன் விதிகளை மாற்றியதால் முழு யூபிளாக் அதில் இனி ஓடாது, 'லைட்' என்ற சுருக்கப் பதிப்புதான். முழுசாக வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸுக்கு வாருங்கள். ஆட்பிளாக் பிளஸில் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்று ஒரு பகுதியை முதலிலிருந்தே அனுமதித்து வைத்திருப்பார்கள், பெரிய நிறுவனங்கள் அதற்குக் கட்டணமும் கட்டுகின்றன. நாமே போய் அணைக்க வேண்டும். அதனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. இஎஃப்எஃப் என்ற அமைப்பின் பிரைவசி பேட்ஜர் நல்லதுதான். அது விளம்பரத்தைப் பற்றிக் கவலைப்படாது, பின்தொடர்கிறவர்களை மட்டும் தடுக்கும். யூபிளாக் இருக்கும்போது அது கட்டாயமில்லை.

போனில் குரோமுக்கு எக்ஸ்டென்ஷன் கிடையாது. ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஓடும்.

அவருடைய மெஷினில் பதினொன்றையும் எடுத்துவிட்டு லைட் ஒன்றை மட்டும் போட்டேன். பாஸ்வேர்டுகளை மாற்றச் சொன்னேன், பேங்க் கணக்கில் ஏதாவது இடித்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள் என்று எழுதியும் கொடுத்தேன். மனு வேலைக்கென்று குரோமில் தனி ப்ரொஃபைல் ஒன்று திறந்தேன். ஒரு ப்ரொஃபைலில் இருக்கும் எக்ஸ்டென்ஷன் இன்னொன்றுக்குள் வராது. அதில் எதுவுமே போடவில்லை. என்ன பேர் வைக்க என்று கேட்டேன். "பாட்டின்னே வை" என்றார்.