கைத்துண்டு எழுதி விற்ற காணி

வன்னியில் உறுதி (காணிப் பத்திரம்) எழுதுவதும் காணி வழக்குப் பேசுவதும் என் தொழில். கந்தோருக்கு வருகிறவர்கள் கதிரையில் அமர்ந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “சட்டப்படி எங்கள் பக்கம்தானே?” பல தடவைகளில் ஆம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கடமும் அங்கேதான்.

இலங்கையில் காணி விற்பதென்றால் உறுதி எழுத அதிகாரம் பெற்ற நொத்தாரிசின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையொப்பமிட வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அவ்வாறு எழுதப்படாத விற்பனை சட்டத்தின் கண்ணில் விற்பனையே அல்ல. போர்க்காலத்து வன்னியில் இதை யார் பார்த்தார்கள்? பாதை பூட்டியிருந்தது. கொப்பித் தாளொன்றைக் கிழித்து, இன்னாருக்கு இவ்வளவு காசுக்குக் கொடுத்தேன் என்று எழுதி, உறவினர் இருவரைச் சாட்சிக்கு வைத்தார்கள். காசு கைமாறியது. வாங்கியவர் வேலி அடைத்தார், கிணறு வெட்டினார், தென்னை வைத்தார்.

பிறகு 2008, 2009. விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஓடிய ஓட்டத்தில் சிலருடைய துண்டு தப்பியது, பலருடையது போய்விட்டது. செட்டிகுளம் முகாம்களிலிருந்து திரும்பியவர்கள் கிணற்றுக் கட்டையும் மிஞ்சிய தென்னைகளையும் வைத்துத்தான் தங்கள் வளவைக் கண்டுபிடித்தார்கள். இன்று ஏ-9 வீதியோரக் காணிக்கு நல்ல விலை. விற்றவரின் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயரில் உறுதி இருப்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அப்படி ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தார் (விபரங்களை மாற்றியே எழுதுகிறேன்). உறுதி சுத்தமாக இருந்தது. வாங்கிய குடும்பத்தில் மிஞ்சியவர் ஒரு கைம்பெண். அவரிடம் துண்டும் இல்லை. காணியை நீண்டகாலம் தன் கைவசம் வைத்திருந்த ஆட்சியைக் காட்டி அந்தப் பெண் எதிர்வழக்காடலாம், ஆனால் அதற்குக் காசும் ஆண்டுகளும் வேண்டும் என்று சொன்னேன். பின்பு, “அப்பா காசு வாங்கினாரா?” என்று கேட்டேன். சட்டத்தரணி கேட்க வேண்டிய கேள்வி அல்ல என்பார்கள். நான் எப்போதும் கேட்பேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. “வாங்கினார். அக்காவின் கலியாணம் அந்தக் காசில்தான் நடந்தது” என்றார். அடுத்த கிழமை அந்த அம்மாவையும் கூட்டிவந்து அவர் பெயருக்கே உறுதி எழுதிக் கொடுத்தார். இன்றைய பெறுமதிக்கு வந்த முத்திரைத் தீர்வையைக் கட்ட அம்மாவிடம் வழியில்லை. அதையும் அவரே கட்டினார்.

நல்ல மனிதராக வாழ்வது பற்றிக் கோயில் மண்டபங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். என் மேசையில் அது இப்படித்தான் தெரிகிறது. வழக்கில் தோற்கப்போகிறவர் விட்டுக்கொடுப்பதை நான் பெரிதாக எண்ணுவதில்லை. வெல்லக்கூடியவர், எதிராளியிடம் ஒரு தாள்கூட இல்லையென்று தெரிந்தும் கொடுக்கிறாரே, அவரை எழுந்து நின்று வழியனுப்புவேன்.

மறுபக்கமும் உண்டு. இடம்பெயர்ந்தவரின் காணிக்குள் புகுந்து, பத்து வருட ஆட்சி என்று உரிமை கோருகிறவர்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் தன் காணிக்குப் போக முடியாதிருந்தவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்காதிருக்க, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆனால் அதன்கீழ் வழக்கிட இரண்டே ஆண்டுகள்தான் கொடுத்தது. பலர் அறியாமலே அந்தக் காலம் முடிந்துவிட்டது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் வளவுகளைப் பற்றியும் நாம் இதே மூச்சில் பேச வேண்டும். பேசுகிறவர்கள் குறைவு.

இன்னொன்று, மனைவியின் காணிக்குக் கணவனின் கையொப்பம். வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அந்தக் கையொப்பத்துக்கு விலை பேசிய கணவன்மாரைக் கண்டிருக்கிறேன். கணவன் நியாயமின்றி மறுத்தாலோ, கைவிட்டுப் போயிருந்தாலோ, இருக்குமிடமே தெரியாவிட்டாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். கணவனைக் காணாமல் தேடிக்கொண்டிருக்கும் பெண்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது துண்டு எழுதி விற்றிருந்தால், அறிந்த சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே உறுதியை எழுதுங்கள். விற்றவர் இறந்துவிட்டால் உரித்தாளர்கள் எல்லோரும் சேர வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் கையொப்பமிட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி அனுப்பலாம். பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் முதலில் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அனுமதியில்லாமல் அதை எந்த நொத்தாரிசாலும் மாற்றி எழுத முடியாது. பழைய உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பிக்கலாம்; உறுதி இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றில் தெரிந்ததைக் குறித்துக்கொண்டு போங்கள்.