போட்டி கடுமை என்றால் கட்சி காசு தரும் என்று நம்பாதீர்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் மேசையில் பாடசாலைக் கொப்பி ஒன்றை வைத்தார். "பிள்ளை, எல்லாச் செலவும் இதில் எழுதியிருக்கிறேன். போட்டி எவ்வளவு கடுமையாக இருந்தது என்று கொழும்புக்குத் தெரியும். கணக்கைக் கொடுத்தால் தருவார்கள்." மூதூர்ப் பக்கம் ஓடிய ஓட்டோ, ஒலிபெருக்கி வாடகை, துண்டுப்பிரசுரம், பிள்ளைகளுக்குப் பிரியாணி என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். பற்றுச்சீட்டு மூன்றுதான் இருந்தன. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு அடகுச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. அவருடைய மனைவியின் தாலிக்கொடி. அந்த அம்மா பக்கத்தில் அமர்ந்து ஒன்றும் பேசாமல் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருகோணமலையில் வேட்பாளர்களுக்குச் செலவின அறிக்கை தயாரித்துக் கொடுப்பது என் தொழிலில் ஒரு பகுதி. இப்படி எத்தனையாவது கொப்பி என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். கட்சி வேறு, ஊர் வேறு, நம்பிக்கை மட்டும் ஒன்றே: "நான் நூலிழையில் நிற்கிறேன், அதனால் கட்சி எனக்குச் செலவழிக்கும்."

செலவழிக்காது. நம் தேர்தல் முறையில் அதற்குக் காரணமே இல்லை. இதைச் சற்று நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் 4 ஆசனங்கள். ஒரு கட்சி 7 பேரை நிறுத்துகிறது. மக்கள் முதலில் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள், பிறகு அதே பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு இடுகிறார்கள். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைக் கட்சியின் வாக்கு தீர்மானிக்கிறது. அந்த ஆசனத்தில் யார் அமர்வது என்பதை மட்டுமே விருப்பு வாக்கு தீர்மானிக்கிறது. ஆசிரியர் கடுமையாகப் போட்டியிட்டது சொந்தக் கட்சியின் இன்னொரு வேட்பாளருடன். அந்தப் போட்டியில் யார் வென்றாலும் கட்சிக்குக் கிடைப்பது அதே ஓர் ஆசனம். தன் வலது கைக்கும் இடது கைக்கும் நடக்கும் மல்யுத்தத்துக்கு யார் காசு கொடுப்பார்?

கட்சி அலுவலகம் பார்க்கும் நெருக்கம் வேறு. ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். 5 வீதத்துக்குக் குறைவாகப் பெற்ற கட்சிகளைக் கழித்துவிட்டு மாவட்டத்தில் 200,000 வாக்குகள். முதலாம் கட்சி 90,000, இரண்டாம் கட்சி 80,000, மூன்றாம் கட்சி 30,000. முதலிடத்துக்குப் போனஸ் ஆசனம் ஒன்று போய்விடும். மிச்சம் மூன்று. 200,000ஐ மூன்றால் வகுத்தால் 66,667; ஓர் ஆசனத்துக்கு அவ்வளவு வாக்கு வேண்டும். முதலிரண்டு கட்சிகளுக்கும் ஒவ்வோர் ஆசனம். கடைசி ஆசனம் மீதி வாக்கு அதிகமுள்ளவருக்கு. முதலாம் கட்சியின் மீதி 23,333, இரண்டாம் கட்சியின் மீதி 13,333. மூன்றாம் கட்சியின் 30,000 அப்படியே நிற்கிறது, ஆசனம் அதற்கே. உண்மையான கடும் போட்டி அந்தக் கடைசி ஆசனத்துக்குத்தான். காசு போட நினைக்கும் கட்சி அந்த இடைவெளியைத்தான் அளக்கும். திருகோணமலை, மூதூர், சேருவில என்ற மூன்று தொகுதிகளில் எங்கே வாக்குக் குறைந்தது, தபால் வாக்கு எப்படி விழுந்தது என்று பழைய முடிவுகளைப் புரட்டும். பிறகு அந்தக் காசு பொதுக்கூட்ட மேடையாகவும் பத்திரிகை விளம்பரமாகவும் வரும். உங்கள் கைக்கு வராது. (தலைவர் நம் மாவட்டத்துக்கு எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறார் என்று பாருங்கள். கட்சி நம்மை எங்கே வைத்திருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தக் கடிதமும் சொல்லாது.)

உள்ளூராட்சித் தேர்தலிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரங்களில் நேரடியாக, 40 வீதம் கட்சிப் பட்டியலிலிருந்து என்றாலும், சபையில் ஒரு கட்சியின் பங்கை மொத்த வாக்குதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வட்டாரத்தைச் சில வாக்குகளால் இழந்தால் உங்களுக்குப் பேரிழப்பு. கட்சி அந்த இடத்தைப் பட்டியலில் ஈடுகட்டிக்கொள்ளும்.

"அமெரிக்காவில் கடும் போட்டி உள்ள இடங்களுக்குக் கட்சி கோடிக்கணக்கில் கொட்டுகிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. கொட்டுகிறது. அங்கே ஒரு தொகுதிக்கு ஓர் ஆள், தொகுதி போனால் ஆசனமே போய்விடும். அங்கேயும் முதல் காசு, ஆபத்தில் இருக்கும் சொந்த உறுப்பினரைக் காப்பாற்றத்தான் போகிறது. மிச்சம், கைப்பற்றலாம் என்று கணித்த இடங்களுக்கு. கணிப்புத் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கொலராடோ மாநிலத்தின் 3ஆம் தொகுதி போதும். 2022இல் ஜனநாயகக் கட்சியின் எடம் ஃபிரிஷ் வெல்ல மாட்டார் என்று நினைத்துத் தேசியக் கட்சி அங்கே பெரிதாகச் செலவழிக்கவில்லை. குடியரசுக் கட்சியின் லோரன் போபர்ட்டிடம் அவர் தோற்றது 546 வாக்குகளால். போட்டி நெருக்கமாக இருந்தது என்பது எண்ணி முடித்த பிறகு தெரிவது. காசு பிரிக்கப்படுவது அதற்கு மாதக்கணக்கில் முன்னால்.

கிழக்கில் 2012க்குப் பிறகு மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. நடத்தப் போகிறார்கள் என்ற பேச்சு எழும்போதெல்லாம் உவர்மலையிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் ஆட்கள் என்னிடம் வரத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கும் சொல்கிறேன். வேட்புமனுவில் கையெழுத்து வைக்கும் முன் கட்சியிடம் கேளுங்கள்: எனக்கு என்ன தருவீர்கள், எப்போது, எதுவாக? எழுத்தில் வராத பதிலை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வராவிட்டாலும் குடும்பம் தாங்கும் தொகை எவ்வளவு என்று வீட்டில் இருந்து பேசுங்கள், அதற்கு மேல் ஒரு சதமும் வேண்டாம். முதல் நாளிலிருந்தே பற்றுச்சீட்டு வாங்குங்கள். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும். "தோற்றவனிடம் யார் கணக்குக் கேட்கப் போகிறார்" என்று சிரித்தவர்கள் பின்னர் பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்லாமல் யாராவது காசு தந்தால் தொடவே தொடாதீர்கள், சட்டம் அதைத் தடுக்கிறது.

வேட்பாளர்களின் மனைவிமாரே, பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். "கட்சி திருப்பித் தரும்" என்று சொல்லி நகையைக் கேட்டால், அந்தக் கட்சியின் மாவட்டப் பொறுப்பாளரை வீட்டுக்கு அழைத்து, உங்கள் முன்னால் அதைச் சொல்லச் சொல்லுங்கள். நகையைக் கழற்றுவதா இல்லையா என்பதை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆசிரியருடைய அறிக்கையை இரண்டு நாட்கள் இருந்து எழுதினோம். ஓட்டோக்காரரையும் அச்சகத்தையும் தேடிப்பிடித்துப் பற்றுச்சீட்டு வாங்கினோம். 21ஆம் நாளுக்கு முன்னரே அறிக்கையை ஒப்படைத்தோம். "சேர், இது உங்கள் சொந்தக் காசு, கட்சியிடம் கேட்க இதில் ஒன்றும் இல்லை" என்று சொல்லி, கொப்பியிலிருந்து அடகுச் சீட்டைக் கிழியாமல் பிரித்து அம்மாவின் கையில் கொடுத்தேன். அதில் எழுதியிருந்த மீட்பு நாளை அவர் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.