வெறுங்கையும் ஒரு துள்ளலும்

பழைய பாணிச் சீருடையில், கையுறை இல்லாமல் பேஸ்பால் ஆடும் அமெரிக்கர்களின் காணொளியைப் பார்த்த வாசகர் ஒருவர், “விரல் உடையாதா?” என்று கேட்டிருக்கிறார். சில நேரம் உடையும். ஆனால் நாம் அஞ்சும் அளவுக்கு அடிக்கடி உடையாது. அதன் காரணம் அந்தக் காலத்து விதிகளுக்குள்ளேயே இருக்கிறது.

ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் ‘ஒஹாயோ வில்லேஜ் மஃபின்ஸ்’ என்ற அணி 1981 முதல் இப்படி ஆடிவருகிறது. இன்று அமெரிக்காவின் பல ஊர்களில் இத்தகைய அணிகள் இருக்கின்றன. பல அணிகள் பின்பற்றுவது 1860ஆம் ஆண்டு விதிகளை. பந்துவீச்சாளர் 45 அடி தூரத்திலிருந்து கையைத் தாழ்த்தி வீசுவார். பந்தின் எடை 163 முதல் 170 கிராம் வரை. இன்றைய பேஸ்பாலைவிடச் சற்றுக் கனம், அளவிலும் பெரிது. உள்ளே ரப்பர், அதன்மேல் இறுகச் சுற்றிய நூல், வெளியே தோல். ஆட்டம் முழுவதும் பெரும்பாலும் ஒரே பந்துதான். அடி வாங்க வாங்க அது இளகிவிடும்.

என்னை மிகவும் கவர்ந்த விதி ஒன்று உண்டு. அடிக்கப்பட்ட பந்தை ஒருமுறை தரையில் துள்ளியபின் பிடித்தாலும் மட்டையாளர் அவுட். நம் தெருக் கிரிக்கெட்டின் ‘ஒன் பிட்ச் கேட்ச்’ அப்படியே அங்கே சட்டமாக இருந்தது!

அந்த ஒரு துள்ளல் என்ன செய்கிறது என்று பாருங்கள். பந்து 15 மீட்டர் உயரம் போய்ச் செங்குத்தாக விழுகிறது. காற்றின் தடையை விட்டுவிட்டால், தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு 17 மீட்டர், ஆற்றல் ஏறத்தாழ 25 ஜூல். விறைப்பாக நீட்டிய கை 5 சென்டிமீட்டருக்குள் அதை நிறுத்தினால், உள்ளங்கையில் விழும் சராசரி விசை 50 கிலோ எடைக்குச் சமம். கையைப் பந்தோடு சேர்த்து 25 சென்டிமீட்டர் பின்னிழுத்தால் அது 10 கிலோவாகிவிடும். ஆற்றல் அதேதான், நிறுத்தும் தூரம் மட்டும் ஐந்து மடங்கு.

இப்போது தரை குறுக்கே வரட்டும். மோதும் கணத்தில் பந்து நசுங்குகிறது. ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் உருமாறி, மீண்டும் பழைய வடிவுக்குத் திரும்பும்போது வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகின்றன. நூல் அவ்வளவு தாராளமாக இல்லை. இழைகள் ஒன்றோடொன்று உரசி, ஆற்றலை வெப்பமாக்கிவிடுகின்றன. புல்லும் மண்ணும் வளைந்து, அமுங்கி இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்கின்றன. பந்தின் வேகம் பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது கால்பங்காகிறது. அதே விறைத்த கைக்கு இப்போது 12 கிலோ எடைதான்!

அதோடு முடியவில்லை. பாதி வேகத்தில் எழும் பந்து கிட்டத்தட்ட 4 மீட்டர் உயரம் போய்த் திரும்ப 1.7 நொடி ஆகும். அதற்குள் களத்தடுப்பாளர் இன்னும் சில மீட்டர் ஓடிவிடலாம். வலியைக் குறைத்த அதே துள்ளல் நேரத்தையும் தருகிறது. எந்த இயற்பியலாளரும் கணக்குப் போட்டு எழுதாத விதி இவ்வளவு கச்சிதமாகக் கைக்குப் பொருந்துவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

கிரிக்கெட்டில் வெறுங்கையால் பிடிக்கிறார்களே என்று கேட்கலாம். இங்கிலாந்தில் பிறந்த பத்திரிகையாளர் ஹென்றி சாட்விக்கும் கிரிக்கெட்டைக் காட்டித்தான் துள்ளல் பிடியை எதிர்த்தார். 1865இல் அந்த விதி பெரும்பாலும் நீங்கியது. எல்லைக் கோடுகளுக்கு வெளியே போகும் ‘ஃபவுல்’ பந்துகளுக்கு மட்டும் சில காலம் நீடித்தது. ஆனால் பேஸ்பாலில் தரையோடு போகும் பந்தை எடுத்து மட்டையாளர் ஓடிச் சேர வேண்டிய முதல் நிலையமான ‘முதல் பேஸு’க்கு வேகமாக எறிய வேண்டும், அங்கே நிற்பவர் அதை ஆட்டம் முழுவதும் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிரிக்கெட்டில் அந்தச் சுமை பெரும்பாலும் கையுறை அணிந்த விக்கெட் கீப்பருக்குத்தான். 1870களில் பேஸ்பாலில் மெல்லிய கையுறைகள் தலைகாட்டின. 1884இல் அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் அமைப்பான நேஷனல் லீக் கையை உயர்த்தி வீசவும் அனுமதித்தபின், வெறுங்கையின் காலம் முடிவுக்கு வந்தது.

இத்தகைய ஆட்டங்களை நடத்தும் அருங்காட்சியகங்களுக்குப் பொதுப்பணம் எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. விதிப்புத்தகம் பந்தின் எடையைத்தான் சொல்லும். ஏழாவது இன்னிங்ஸில் இளகிய பந்து எப்படித் துள்ளும் என்பதை ஆடிப் பார்த்தால்தான் அறிய முடியும். அதுவும் பரிசோதனைதான், நிதி பெறத் தகுதியுள்ள பரிசோதனை.

நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், பேஸ்களில் எதிரணியினர் நிற்கும்போது உயரே போகும் பந்தைக் கவனியுங்கள். துள்ளவிட்டுப் பிடித்தால் கை தப்பும், ஆனால் ஓடுபவர்கள் முன்னேறலாம். தரை தொடுமுன் பிடித்தால் அவர்கள் முன்னேற முடியாது, 25 ஜூலும் கைக்கு வரும். எதைத் தேர்வது என்று களத்தடுப்பாளர் முடிவுசெய்ய, 15 மீட்டரிலிருந்து பந்து விழும் 1.7 நொடிதான் இருக்கிறது.