பேக்கப் நேரத்தில் டேட்டாபேஸ் மூச்சைப் பிடிப்பது எப்படி?

கடலூர் முதுநகரில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பில்லிங் சர்வர் வர்ச்சுவல் மெஷினில் (ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) ஓடுகிறது. ராத்திரி பேக்கப் முடிந்துவிடுகிறது. ஆனால் 'அப்ளிகேஷன் கன்சிஸ்டென்ட்' ஆகவில்லை, 'கிராஷ் கன்சிஸ்டென்ட்'தான் என்று எச்சரிக்கை வருகிறது. விட்டுவிடலாமா?"

விட வேண்டாம். 2011இல் தானே, 2024இல் ஃபெஞ்சல் என்று புயல்கள் கரை கடக்கும் ஊர்க்காரர்கள் நாம். பேக்கப்பை நம்பிக் கடை திறக்க வேண்டிய நாள் வரலாம்.

ஓடுகிற கம்ப்யூட்டரில் கரண்ட்டைப் பிடுங்கினால் டிஸ்க்கில் என்ன மிஞ்சுமோ, அதுதான் கிராஷ் கன்சிஸ்டென்ட். நல்ல டேட்டாபேஸ் இதிலிருந்தும் பெரும்பாலும் எழுந்துவிடும். எந்த மாற்றத்தையும் முதலில் 'லாக்' என்ற குறிப்பேட்டில் எழுதுவதால், மறுபடி தொடங்கும்போது அதைப் படித்து முடிந்த பில்லைச் சேர்க்கும், பாதியில் நின்றதை நீக்கும். இந்த வித்தையை 'ஏரீஸ்' என்ற முறையாக வகுத்து 1992இல் வெளியிட்ட ஐபிஎம் குழுவின் சி. மோகன், சென்னை ஐஐடியில் படித்தவர். ஆனால் டேட்டா ஒரு டிஸ்க்கிலும் லாக் இன்னொன்றிலும் இருந்து, இரண்டும் வெவ்வேறு கணத்தில் படியெடுக்கப்பட்டால் லாக்கை நம்பிப் பயனில்லை.

அப்ளிகேஷன்கள் கைவேலையை முடித்து நிற்கும் கணத்தில் படியெடுப்பதுதான் அப்ளிகேஷன் கன்சிஸ்டென்ட். விண்டோஸில் இதற்கென்றே 'வால்யூம் ஷேடோ காப்பி சர்வீஸ்', அதாவது விஎஸ்எஸ் இருக்கிறது. அற்புதமான ஏற்பாடு. பேக்கப் மென்பொருள் கேட்டதும், ஒவ்வொரு அப்ளிகேஷனின் சார்பிலும் இருக்கும் 'ரைட்டரை' அழைத்து, கைவேலையை முடித்துவிட்டு எழுதுவதை நிறுத்தச் சொல்கிறது. அதிகபட்சம் 60 நொடி. ஃபைல் சிஸ்டமும் மெமரியில் வைத்திருந்ததை டிஸ்க்கில் எழுதிவிட்டு நிற்கும். அப்படி எல்லாம் நிற்கையில் 10 நொடிக்குள் ஷேடோ காப்பி உருவாகிவிட வேண்டும்.

நூற்றுக்கணக்கான ஜிபியை 10 நொடியில் படியெடுக்க முடியுமா? எடுப்பதே இல்லை! 'இந்தக் கணம்' என்று ஒரு குறி மட்டும் வைக்கிறது. உடனே எல்லோரும் வேலைக்குத் திரும்பலாம். பிறகு ஏதாவது பிளாக்கின் மேல் எழுத வந்தால், பழையதை 16 கேபி துண்டாகத் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் புதியதை எழுத விடும். பேக்கப் மணிக்கணக்கில் ஓடினாலும் அது படிப்பது குறி வைத்த கணத்தின் டிஸ்க்கை. வர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருளின் ஸ்னாப்ஷாட்டில் வழி சற்று வேறு: அந்தக் கணத்துக்குப் பின் எழுதுவதெல்லாம் புது ஃபைலுக்குப் போகும்.

ஆக, எச்சரிக்கை வந்தால் யார் நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை என்று தேட வேண்டும். வர்ச்சுவல் மெஷினுக்குள் போய், அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டில் 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்' கொடுங்கள். எல்லாம் 'ஸ்டேபிள்' என்று காட்ட வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வரின் ரைட்டர் 'ஃபெயில்ட்', 'டைம்ட் அவுட்' என்றிருந்தால் அந்த ரைட்டருக்கான சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள், பில்லிங் நிற்காது. பட்டியலில் அந்தப் பெயரே இல்லையென்றால் சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், வர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் விஎம்வேர் டூல்ஸ் என்ற துணை மென்பொருள் பழசாகிக் கிடக்கலாம்.

அடிக்கடி டைம்ட் அவுட் ஆனால் அந்நேரத்தில் டிஸ்க் திணறுகிறது என்று அர்த்தம். ஆன்டிவைரஸ் முழு ஸ்கேனோ இன்னொரு பேக்கப்போ அதே மணிக்கு ஓடுகிறதா? நேரத்தை மாற்றுங்கள். சி டிரைவில் காலி இடமும் வேண்டும்.

ஆயுத பூஜைக்கு சர்வருக்குப் பொட்டு வைப்பவர்கள், அன்றே பழைய பேக்கப் ஒன்றை வேறொரு மெஷினில் ஏற்றி, பில் திறக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

சரிசெய்த மறுநாள் காலை எஸ்க்யூஎல் எரர் லாக்கைத் திறங்கள். உங்கள் டேட்டாபேஸ் பெயரோடு, ஐ/ஓ (டிஸ்க்கில் எழுதும் வேலை) உறைந்தது என ஒரு வரியும் மீண்டும் தொடங்கியது என இன்னொன்றும் இருக்கும். இரண்டுக்கும் இடையே எத்தனை நொடி என்று பாருங்கள். சில நொடிகளே என்றால் பேக்கப் சரி.