உறைந்தால்தான் பாதை

வெட்டிய மரத்தைக் காட்டிலிருந்து சுமந்துவரும் ஃபார்வர்டர் எனும் கனரக வண்டி, சுமையோடு சேர்த்து மொத்த எடை 30 டன் அளவுக்கு வரும். பின்லாந்தின் நிலப்பரப்பிலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சதுப்பு. மேலே பாசி, அதன் கீழே பல நூற்றாண்டுகளாக முழுக்க மக்காமல் சேர்ந்த பீட் எனும் ஈரக் கரிமண். கோடையில் ஆள் நடந்தாலே காலை உள்ளே வாங்கும். வடிகால் வெட்டிய இந்தச் சதுப்புகளிலும் பைன், ஸ்ப்ரூஸ், பிர்ச் மரங்கள் ஓங்கி நிற்கின்றன. அவற்றை வெளியே கொண்டுவரக் குளிர்காலம் வரவேண்டும்.

பீட்டின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். அது உறையும்போது செடி நார்களும் பனிக்கட்டியும் பின்னிப் பிணைந்து, கம்பி கட்டிய கான்கிரீட் தளம்போல் இறுகிவிடும். ஆனால் உறைவது லேசில் நடப்பதில்லை. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீர் கட்டியாக வேண்டுமானால், அதே தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கத் தேவையான அளவு வெப்பம் அதிலிருந்து வெளியேற வேண்டும். ஈரம் மிகுந்த மண் மெதுவாக உறைவது அதனால்தான்.

வெளியே மைனஸ் 20 டிகிரி இருந்தும் மண் இளகியே கிடப்பதுண்டு. குற்றவாளி பனிதான். புதிதாக விழுந்த பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. அது கம்பளிபோல் மண்ணின் சூட்டைக் காக்கிறது. மண் உறையும் முன்பே பனி கனமாகக் கொட்டிவிட்டால் மரம் வெட்டுபவர்களுக்குச் சோதனைதான். அப்போது எடை குறைந்த வண்டியை முதலில் ஓட்டிப் பனியை மிதித்து அமுக்குவார்கள். காற்று வெளியேறியதும் குளிர் கீழே இறங்கும். சில இரவுகள் கழித்துத்தான் கனரக வண்டிகள் வரும். குதிரைகள் சறுக்குவண்டி இழுத்த காலத்திலும் இந்த அறிவு இருந்தது. இரவில் பாதைமேல் தண்ணீர் ஊற்றி, விடிவதற்குள் பனிக்கட்டித் தடம் ஆக்கிவிடுவார்கள். ஆற்றங்கரையில் குவித்த மரங்கள் வசந்தகால வெள்ளத்தில் மிதந்து ஆலைக்குப் போகும். வட பின்லாந்தின் கெமியோகி ஆற்றில் அந்த வழக்கம் 1991 வரை நீடித்தது.

இன்று வெட்டுவது ஹார்வெஸ்டர் எனும் இயந்திரம். அதன் நீண்ட கையின் நுனியிலுள்ள தலை, மரத்தை அடியில் கவ்விப் பிடித்து அறுக்கும். சாய்ந்த மரத்தை முள் உருளைகள் இழுத்து ஓட்ட, வளைந்த கத்திகள் கிளைகளைச் சீவித் தள்ளும். பல் சக்கரம் ஒன்று நீளத்தை அளக்கும். கத்திகள் எவ்வளவு விரிந்திருக்கின்றன என்பதிலிருந்து தடிமன் தெரியும். எந்த இடத்தில் துண்டித்தால் பலகைக்கு எவ்வளவு, காகிதக் கூழுக்கு எவ்வளவு என்று ஆலையின் விலைப்பட்டியலை வைத்துக் கணினி சொல்லும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். எழுபது, எண்பது ஆண்டுகள் நின்ற மரம் அது. அந்த வேகம் எனக்கு இன்னும் நெஞ்சை அடைக்கிறது.

குளிருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. வேர் அழுகல் பூஞ்சையின் வித்துகள் கோடையில் காற்றில் பறந்து, புதிதாக வெட்டிய அடிக்கட்டையில் விழுந்து முளைக்கும். பிறகு வேரோடு வேர் தொடும் இடங்கள் வழியே பக்கத்து மரத்துக்குத் தாவும். அதனால் கோடையில் வெட்டும்போது அடிக்கட்டைமேல் யூரியாக் கரைசலைத் தெளிக்கிறார்கள். வயலுக்குப் போடும் அதே யூரியாதான். உறைபனிக் காலத்தில் வித்து பறப்பதில்லை, மருந்தும் தேவையில்லை.

இப்போது குளிர்காலம் சுருங்கிவருகிறது. டிசம்பரிலும் மழை பெய்கிறது. இளகிய மண்ணில் வண்டி போனால் சக்கரத் தடம் பள்ளமாகித் தண்ணீர் தேங்கும். ஸ்ப்ரூஸின் வேர்கள் மேலாகவே ஓடுவதால் அறுந்துபோகும். காயத்தின் வழியே அழுகல் நுழைந்து, வெட்டாமல் விட்ட மரமும் கெடும். மண்ணைக் காயப்படுத்தி எடுக்கும் மரம் மலிவானது என்று நான் ஒப்பமாட்டேன். சக்கரங்களைச் சுற்றி அகலமான இரும்புப் பட்டை மாட்டியும், சீவிய கிளைகளை வண்டிக்கு முன்னால் மெத்தையாகப் பரப்பியும் எடையைப் பகிர்ந்து பார்க்கிறார்கள். அதுவும் போதாத ஈரச் சதுப்புகளில், வெட்டக் குறித்த மரங்கள் அடுத்த குளிர்காலம் வரை அப்படியே நிற்கின்றன.