மடியிலேயே இருக்கிற பிள்ளை எப்படித் தவழும்?

நிலாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மம்மா ஒன்பது மாதப் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "இன்னும் தவழேல்ல தம்பி. காலில ஏதும் குறையோ?" பாயில் விட்டுப் பார்த்தேன். இரண்டு காலையும் ஒரே மாதிரி உதைத்தாள். இருத்திவிட்டால் யாரும் பிடிக்காமலே தானாக இருந்தாள். குறை ஒன்றும் தெரியவில்லை. "வீட்டில கீழ விடுறீங்களா அம்மா?" என்று கேட்டேன். "ஐயோ, சீமெந்துத் தரை. சளி பிடிச்சிடும்."

அதுதான் விஷயம். ஏணை, மடி, இடுப்பு, மறுபடி ஏணை. பிள்ளைக்குத் தரையே கிடைக்கவில்லை.

சளியைக் கொண்டுவருவது கிருமி, தரை அல்ல. பன்பாயின் மேல் ஒரு பழைய பருத்திச் சேலையை மடித்து விரித்தால் போதும். பஞ்சு மெத்தை வேண்டாம், கை புதையும். டைல்ஸ் தரையென்றால் காலுறையையும் நீளக் காற்சட்டையையும் கழற்றிவிடுங்கள். வெறும் முழங்கால்தான் வழுக்காமல் பிடிக்கும்.

இயன்மருத்துவராக நான் முதலில் சொல்லிக்கொடுப்பது சாரம் விளையாட்டு. அப்பாவின் சாரத்தைச் சுருட்டிப் பிள்ளையின் நெஞ்சுக்குக் கீழே வைத்துக் குப்புற விடுங்கள். கைகள் முன்னால் வந்து தரையில் ஊன்றும். பால் குடித்த கையோடு வேண்டாம், கக்கிவிடும். அழுதால் தூக்கிவிடுங்கள், இரண்டு நிமிடமும் கணக்குத்தான். ஆனால் இதெல்லாம் விழித்திருக்கும்போது மட்டும். தூங்க வைப்பது மல்லாக்கத்தான்.

அப்புறம் உங்கள் கால். தரையில் கால் நீட்டி இருந்து, தொடையின் குறுக்கே பிள்ளையைப் போடுங்கள். ஒரு பக்கம் கை, மறுபக்கம் முழங்கால், வயிறு உங்கள் தொடையில். தவழும் நிலை அதேதான். கைக்கு எட்டியும் எட்டாத தூரத்தில் ஒரு அகப்பையை வையுங்கள். ஒரு சாண் தள்ளி வைத்தால் முயற்சி செய்யும். ஒரு முழம் தள்ளினால் அழும். இடையிடையே கையில் கொடுத்தும் விடுங்கள், ஏமாற்றிக்கொண்டே இருந்தால் எந்தப் பிள்ளையும் வெறுத்துவிடும். உருட்டிவிட, மூடியை இறுக்கி டேப் சுற்றிய வெற்றுப் பால்மா டின் நல்லது.

கீழே விடுவதற்கு முன் நீங்களே ஒருதரம் தவழ்ந்து பாருங்கள். நுளம்புத்திரி, தண்ணீர் வாளி, கடற்கரையில் பொறுக்கிவந்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்த சோகி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

வோக்கர் வாங்கலாமா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். வேண்டாம். அது நடையை விரைவுபடுத்தாது. படியில் உருண்டு தலை அடிபடுவதால் கனடா 2004 இல் அதன் விற்பனையையே தடை செய்தது.

பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2006 இல் வெளியிட்ட அளவுகளின்படி, முழங்கால் ஊன்றித் தவழ்வது 5 மாதத்துக்குப் பிறகு 13½ மாதம் வரை எப்போதும் தொடங்கலாம். அந்த ஆய்வில் நூற்றுக்கு நாலு பிள்ளைகள் அப்படித் தவழாமலே நடந்துவிட்டார்கள். குறைமாதத்தில் பிறந்ததென்றால் வயதை, பிறக்கவேண்டியிருந்த திகதியிலிருந்து எண்ணுங்கள்.

ஆனால் ஒரு பக்கக் கையையும் காலையும் மட்டும் இழுத்துக்கொண்டு நகர்ந்தாலோ, உடம்பு விறைத்தோ துவண்டோ இருந்தாலோ, ஒன்பது மாதமாகியும் தானாக இருக்க முடியாவிட்டாலோ, முன்பு செய்ததைச் செய்யாமல் விட்டாலோ காத்திருக்காதீர்கள். குடும்பநல மாதுவிடம் சொல்லி டொக்டரிடம் காட்டுங்கள்.

நிலாவெளி அம்மம்மா மூன்று வாரம் கழித்து வந்தார். டின்னையும் அகப்பையையும் பேத்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். பாய்க்கு அந்தப் பக்கம் பளபளத்த அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்தைப் பார்த்துத்தான் முதன்முதலாகத் தவழ்ந்திருக்கிறாள். இப்போது பாக்குவெட்டியும் சுண்ணாம்பும் அலுமாரிக்கு மேலே. வெறும் தட்டம் பேத்திக்கு.